பரங்கிமலை இருக்கும்போது பட்டறையை ஏன் அடகு வைக்க வேண்டும்?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்தும் ஒரு தந்தையின் கேள்வி இது. மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கணக்கில் சுமாரான மார்க், ஆங்கிலத்திலும் வரலாற்றிலும் நல்ல மார்க். பள்ளியில் என்.சி.சி.யில் (தேசிய மாணவர் படை) இருந்தவள், "ராணுவ அதிகாரி ஆகணும்" என்கிறாள். தாய்மாமனோ மேனேஜ்மென்ட் கோட்டாவில் ஏ.ஐ. இன்ஜினீயரிங் சீட் பேசி வைத்துவிட்டார். நான்கு வருஷத்துக்கு 8 லட்சம். பட்டறையை அடகு வைத்தால் கடன் கிடைக்குமாம்; வைக்கலாமா என்று கேட்கிறார். "பொட்டப்புள்ள பி.ஏ. படிச்சு பட்டாளத்துக்குப் போறதா?" என்று சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள்.

ஐயா, உங்கள் பயம் நியாயமானது. ஆனால் மச்சான் சொல்லும் கணக்கு தப்பு. 8 லட்சத்தை 10 சதவீத வட்டியில் ஏழு வருஷத்தில் அடைத்தால் மாதத் தவணை சுமார் 13,300 ரூபாய். கணக்கைக் கண்டாலே ஒதுங்கும் பெண்ணை அந்த வகுப்பில் உட்கார வைத்து, அரியர் விழுந்தாலும் விழாவிட்டாலும் இந்தத் தவணையைக் கட்டப்போவது நீங்கள், மாமா இல்லை. கொலுசுத் தொழிலில் ஒரு மாதம் ஆர்டர் இருக்கும், ஒரு மாதம் இருக்காது. கடன் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன்.

"பி.ஏ.வா?" என்ற கேலிக்குப் பதில், சென்னை பரங்கிமலையில் இருக்கும் அதிகாரிகள் பயிற்சி அகாடமி உருவான விதத்திலேயே இருக்கிறது. 1962 சீனப் போரில் அதிகாரிகள் பற்றாக்குறை அப்பட்டமாகத் தெரிந்தது. பிளஸ் டூ முடித்தவர்களை எடுக்கும் என்.டி.ஏ. என்ற தேசிய பாதுகாப்பு அகாடமியில் மூன்று வருஷம், பிறகு டேராடூன் ராணுவ அகாடமியில் ஒரு வருஷம் என்று காத்திருக்க நேரமில்லை. பட்டம் முடித்த இளைஞர்களை வேகமாக அதிகாரிகளாக்க 1963-ல் பூனாவிலும் சென்னையிலும் இரண்டு பயிற்சிப் பள்ளிகள் தொடங்கினார்கள். பூனா பள்ளி விரைவிலேயே மூடப்பட்டது; சென்னைப் பள்ளி நிலைத்தது. 1965 முதல் குறுகிய கால கமிஷன் (சில வருஷங்களுக்கு மட்டும் அதிகாரியாக நியமிப்பது), 1988-ல் அகாடமி என்ற பெயர், 1992 செப்டம்பரில் முதல் பெண்கள் அணி. ஆக, சாதாரணப் பட்டதாரியை எடுத்து 49 வாரத்தில் லெப்டினன்ட் ஆக்குவதற்கென்றே கட்டிய இடம் இது. இங்கே 1972-ல் கமிஷன் பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரன், 1987-ல் இலங்கையில் உயிர் நீத்து, போர்க்கள வீரத்துக்கான மிக உயர்ந்த விருதான பரம்வீர் சக்ரா பெற்றார். அகாடமியின் அணிவகுப்பு மைதானத்துக்கு அவர் பெயர்தான். 2023 ஏப்ரலில் பீரங்கிப் படைக்கு முதன்முதலாகப் போன ஐந்து பெண் அதிகாரிகளும் இதே மைதானத்திலிருந்து வெளியேறியவர்கள்.

சேலத்திலிருந்து ஒரு பகல் ரயில் தூரத்தில் இப்படியோர் இடம் இருந்தும் நம் ஊரில் கல்லூரி தேடும்போது அதன் பெயர் காதில் விழுவதே இல்லை. விளம்பரம் செய்ய அதற்கு ஏஜென்ட் கிடையாது, காரணம் அவ்வளவுதான்.

என்.டி.ஏ.வைப் பெண்களும் எழுதலாம். ஆனால் கணக்குத் தாள் மட்டும் 300 மார்க். உங்கள் மகளுக்கு அது வேண்டாம். பரங்கிமலைக்கு இரண்டு வாசல்கள்.

ஒன்று, யு.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இரண்டு முறை நடத்தும் சி.டி.எஸ். தேர்வு (ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வு). இந்த அகாடமிக்கு மட்டும் போட்டியிட்டால் கணக்குத் தாளே இல்லை. ஆங்கிலம், பொது அறிவு இரண்டுக்கும் தலா 100 மார்க், தலா இரண்டு மணி நேரம். தப்பான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு கழியும். கேள்வித்தாள் தமிழில் வராது, அதனால் ஆங்கிலப் பத்திரிகை வாசிப்பை இன்றே தொடங்கட்டும். பெண்களுக்கு விண்ணப்பக் கட்டணம் இல்லை.

இரண்டாவது வாசல் என்.சி.சி. சிறப்பு நுழைவு. எழுத்துத் தேர்வே கிடையாது. பட்டத்தில் 50 சதவீதம், என்.சி.சி.யின் உயர்ந்த சான்றிதழான 'சி' சான்றிதழில் குறைந்தது 'பி' கிரேடு வேண்டும். இதில் சறுக்குவது எங்கே என்றால், 'சி' சான்றிதழுக்குக் கல்லூரியில் மூன்று வருஷம் என்.சி.சி. வேண்டும். முதலாண்டு சேர்க்கையைத் தவறவிட்டால் பட்டம் முடிவதற்குள் 'சி' கைக்கு வராது. எனவே அரசு கலைக் கல்லூரியோ வேறு எதுவோ, பீஸ் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "பெண்களுக்கு என்.சி.சி. இருக்கிறதா, எத்தனை இடம்?" பாடம் பி.ஏ. வரலாறாகவே இருக்கட்டும். அவள் மனம் அங்கேதான் இருக்கிறது.

இரண்டு வாசலும், அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியமான எஸ்.எஸ்.பி.யின் ஐந்து நாள் தேர்வில் போய்ச் சேரும். முதல் நாளிலேயே பாதிக்கு மேல் வீட்டுக்குத் திரும்புவது சகஜம். ஒரு படத்தை 30 விநாடி காட்டி நான்கு நிமிடத்தில் கதை எழுதச் சொல்வார்கள், பிறகு குழுவில் பேச வேண்டும். தாண்டியவர்களுக்கு உளவியல் சோதனை: 12 கதைகள் எழுத வேண்டும், 15 விநாடிக்கு ஒன்றாகக் காட்டும் 60 சொற்களுக்கு மனதில் தோன்றுவதை எழுத வேண்டும், அரை மணியில் 60 சூழ்நிலைகளில் என்ன செய்வாய் என்பதற்குப் பதில் எழுத வேண்டும். அடுத்து மைதானத்தில் பலகை, கயிறு, டிரம் வைத்துத் தடை கடக்கும் குழுப் பணிகள். நேர்காணல் தனி. உளவியலாளர், மைதான அதிகாரி, நேர்காணல் அதிகாரி மூவரும் ஒரே ஆளைத் தனித்தனியாக எடைபோட்டு, கடைசி நாள் ஒப்பிடுவார்கள். கோச்சிங்கில் மனப்பாடம் செய்த பதில் இங்கேதான் மாட்டிக்கொள்ளும். தாளில் வீராங்கனையாகத் தெரிந்த பெண் கயிற்றைப் பிடிக்க யோசித்தால் கதை முடிந்தது. ஆகவே ஆயிரக்கணக்கில் கோச்சிங் பீஸ் தேவையில்லை. "எஸ்.எஸ்.பி.யில் ஆள் இருக்கு" என்று பணம் கேட்பவனை வாசலோடு அனுப்புங்கள்.

உடல் தகுதியில், பெண்கள் 2.4 கிலோமீட்டரை 13 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். காந்தி மைதானத்தின் 400 மீட்டர் தடத்தில் ஆறு சுற்று, சுற்றுக்கு 2 நிமிடம் 10 விநாடி. ஏற்காடு மலைப்பாதையில் ஓடிப் பழகுகிறேன் என்பாள். ஏறட்டும், ஆனால் இறக்கத்தில் ஓட விடாதீர்கள், முழங்காலும் கணுக்காலுக்கு மேல் எலும்பும் கெடும். தூரத்தைத் திடீரென்று கூட்டுவதால் வரும் எலும்பு விரிசல், அகாடமியில் பெண் பயிற்சியாளர்களை அடுத்த அணிக்குப் பின்தள்ளுவதுண்டு. ரத்தசோகை இருந்தால் இப்போதே சரிசெய்யுங்கள்.

சம்பளத்தை மாமாவிடம் சொல்லுங்கள்: பயிற்சியிலேயே மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை. பாதகத்தையும் சொல்லிவிடுகிறேன். பெண்களுக்கான இடங்கள் ஒவ்வொரு முறையும் சொற்பம். கமிஷன் 10 வருஷம், நீட்டித்தால் இன்னும் 4. நிரந்தரக் கமிஷன் கிடைக்காமல் வெளியே வந்தால் பணிக்கொடை உண்டு, ஓய்வூதியம் கிடையாது. பயிற்சி முடியும்வரை கல்யாணம் கூடாது. சொந்த விருப்பத்தில் பாதியில் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும். சுமார் 25 வயதுவரை தேர்வு எழுதலாம் என்பதால் பட்டம் முடித்து நாலைந்து வருஷம் வாய்ப்பு இருக்கும். கிடைக்காவிட்டால் பட்டம் கையில், கடன் பூஜ்யம், டி.என்.பி.எஸ்.சி.க்கும் பி.எட்.டுக்கும் அதே பட்டம் போதும்.

மருத்துவப் பரிசோதனையில் தட்டைப் பாதம், முட்டிகள் ஒட்டிய கால், பல் குறை, காது மெழுகு, அதிக எடை என்று பலவற்றுக்காக நிறுத்துவார்கள். நிறைய சரிசெய்யக்கூடியவை, மேல்முறையீட்டுக்கு 42 நாள் அவகாசமும் உண்டு. ஆகவே அரசு மருத்துவமனையில் இப்போதே ஒருமுறை பார்த்துவிடுங்கள். இன்னொன்று: கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாக் கடைகளில் தோழிகளோடு போய் தோளிலோ கழுத்திலோ பச்சை குத்திக்கொள்ளக் கூடாது. முன்கையின் உட்புறமும் புறங்கையும் தவிர வேறெங்கும் நிரந்தரப் பச்சை இருந்தால் ராணுவம் எடுக்காது.