தேன் பாட்டிலில் நுரை பொங்கினால்

கேள்வி: குலசேகரம் பக்கம் எங்கள் வீடு. பின்னால் பத்து மூடு ரப்பர் மரம் நிற்கிறது. மார்கழியில் ஒரு தேன் பெட்டி வாங்கி வைத்தேன். பெட்டி தந்தவரே மாசி முழுக்க வாரம் ஒருமுறை வந்து தேன் எடுத்து, பாதியைத் தன் பங்காகக் கொண்டுபோகிறார். என் பங்கு இரண்டே வாரத்தில் நுரைத்துவிட்டது. மூடியைத் திறந்தால் கள்ளு வாசனை. கலப்படமா? எப்போதுதான் எடுக்க வேண்டும்?

பதில்: உங்கள் கண்முன்னே எடுத்த தேனில் கலப்படத்துக்கு வழி குறைவு. அது பச்சைத் தேன், அவ்வளவுதான். ரப்பரின் கொழுந்து இலைக் காம்பில் ஊறும் இனிப்பு நீரைத்தான் தேனீ கொண்டுவருகிறது. வரும்போது அதில் பாதிக்கு மேல் தண்ணீர். அதை அடையின் சிறு அறைகளில் பரப்பி, சிறகால் விசிறி வற்றவைத்து, பக்குவமானதும் மேலே மெழுகு மூடி போடும். மூடி போடாததை எடுத்தால் உள்ளே இருக்கும் ஈஸ்ட், தோசை மாவு பொங்குவதுபோலத் தேனையும் பொங்கவைத்துவிடும்.

ஆகவே நாள் கணக்கு வேண்டாம், பெட்டிக்குள் அடை கட்டியிருக்கும் மரச் சட்டத்தைத் தூக்கிப் பாருங்கள். முக்கால் பங்கு அறைகள் மூடியிருந்தால் எடுக்கலாம். சந்தேகமாக இருந்தால் சட்டத்தைப் படுக்கையாகப் பிடித்து ஒரு உதறு உதறுங்கள். துளி தெறித்தால் அது இன்னும் தண்ணீர், திரும்ப வைத்துவிடுங்கள். இரண்டு நாள் மழை இல்லாமல் இருந்த பிறகு எடுப்பது நல்லது.

வாரம் ஒருமுறை வருகிறவருக்கு இது தெரியாது என்று நான் நம்பவில்லை. பாதிப் பங்கு என்று பேசினால், பக்குவம் வரும்வரை காத்திருப்பது அவருக்கு நஷ்டம். தண்ணீரும் எடையில் சேர்கிறதே. பாட்டில் புளிப்பது உங்கள் வீட்டு அலமாரியில்தான். "எடுக்காவிட்டால் ஈ ஓடிவிடும்" என்று சொல்லியிருப்பார், எல்லோரும் சொல்வார்கள். உண்மையில் இந்தியத் தேனீ ஓடுவது பெரும்பாலும் பட்டினியால், இல்லையென்றால் எறும்பு, மெழுகுப் பூச்சித் தொல்லையால். பெட்டியின் கீழ்த் தட்டான கீழ் அறையில் அவர் கை வைத்தாரா என்று முதலில் பாருங்கள். முட்டையும் புழுவும் இருக்கும் அந்த அறையில் உள்ள தேன், ரப்பர் ஓய்ந்து மழை பிடித்த பின் தேனீக்களின் சாப்பாடு. மேல் அறைதான் நமக்கு. அடையைப் பிய்த்துப் பிழிகிற ஆளை வாசலிலேயே நிறுத்துங்கள். சுழற்றி எடுக்கும் கருவி வைத்திருப்பவர் போதும். காலி அடை அப்படியே திரும்பிப் போனால் தேனீக்கு மெழுகு கட்டும் வேலை மிச்சம்.

இன்னொன்று, பெட்டி வாங்கப் போகிற மற்றவர்களுக்கும் சொல்கிறேன். மழைக்காலத்தில் மேல் அறை நிறைய தேனோடு ஒரு பெட்டியைக் காட்டி விலை பேசினால் நம்பாதீர்கள். அது பெரும்பாலும் சர்க்கரைப் பாகு. பஞ்ச காலத்தில் பாகு கொடுப்பது தவறில்லை; மேல் அறையை வைத்துக்கொண்டு கொடுப்பதுதான் மோசடி.

மூடி போட்ட தேன் கெடவே கெடாது என்று சிலர் எழுதுகிறார்கள். நம் குமரி மாவட்டத்தில் அது முழு உண்மை இல்லை. காற்றிலேயே ஈரம் இருக்கும்போது தேனீ எவ்வளவு விசிறினாலும் ஓரளவுக்கு மேல் வற்றாது. அதனால் முழுக்க மூடிய அடையிலும் சில சமயம் 20 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் இருக்கும். உணவுப் பாதுகாப்பு விதியோ 20-ஐத் தாண்டக் கூடாது என்கிறது. சரி, வீட்டில் ஒருவர் அதை எப்படி அளப்பார்? அரசுப் பயிற்சி என்று ஒரு நாள் உட்காரவைத்து, மதியச் சாப்பாடு போட்டு, சான்றிதழும் மானியப் பெட்டியும் கொடுத்து அனுப்புகிறார்கள். தேனில் நீர் பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர் உள்ளங்கையில் அடங்கும் கருவி, ஊருக்கு ஒன்று கொடுத்தால் போதும். கேட்டால் திட்டத்தில் அதற்குச் செலவுத் தலைப்பு இல்லையாம். 2023-இல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு வந்தபோது எல்லோரும் கைதட்டினோம், நானும்தான். கருவி வந்தபாடில்லை.

அதனால் மூடிய தேனாக இருந்தாலும், பாட்டிலைச் சாய்த்தால் தண்ணீர்போல ஓடுகிறது என்றால் வெளியே வைக்காதீர்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைத்துச் சீக்கிரம் தீர்த்துவிடுங்கள். அங்கே உறைந்து சர்க்கரைபோல ஆனால் பயப்பட வேண்டாம், வெந்நீரில் பாட்டிலை வைத்தால் இளகிவிடும். நேராக அடுப்பில் மட்டும் ஏற்றாதீர்கள்.

இப்போது பொங்கியிருக்கும் பாட்டிலின் மூடியை இன்றைக்கே தளர்த்தி வையுங்கள், வாயு அழுத்தத்தில் கண்ணாடி வெடிக்கலாம். அதை யாருக்கும் விற்கவோ கொடுக்கவோ வேண்டாம். நல்ல தேனாகவே இருந்தாலும் ஒரு வயது ஆகாத பேரக்குழந்தையின் நாக்கில் தடவாதீர்கள்.

பங்குனி முடியும்வரை கொழுந்து கிடைக்கும். அடுத்த முறை அவர் வந்தால் பெட்டியை நீங்கள் திறந்து, அடையைப் பார்த்து, "இன்னும் ஆகவில்லை, நானே கூப்பிடுகிறேன்" என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.