ஜிப்சியை உயர்த்தினேன், ஆர்.சி. நின்றுபோனது

கேள்வி: தாண்டிக்குடிப் பக்கம் காப்பியும் மிளகும் பயிரிடுகிறேன். 1996-இல் பதிவான மாருதி ஜிப்சி ஒன்று இருக்கிறது. மழைக்காலத்தில் எங்கள் தோட்டத்துப் பாதையில் ஏறுவது அது ஒன்றுதான். அடிப்பாகம் பாறையில் இடிக்கிறது என்பதால், ஒன்றரை ஆண்டுக்கு முன் கோவைப் பட்டறை ஒன்றில் ஸ்பிரிங் பட்டைகளை அச்சுக்கு மேலே மாற்றி நாலரை அங்குலம் உயர்த்தினேன். பெரிய டயர் போட்டதால் முன், பின் அச்சுகளையும் வேறொரு நிறுவனத்தின் பழைய ஜீப்பிலிருந்து எடுத்துப் பொருத்தினார்கள். மொத்தச் செலவு 1,85,000 ரூபாய். இப்போது ஆர்.சி.யைப் புதுப்பிக்கப் போனால் மோட்டார் வாகன ஆய்வாளர் மறுக்கிறார். எஞ்சின் எண்ணும் சேஸ் எண்ணும் அப்படியே இருக்க, இது எப்படிக் குற்றம்? போன மாதம் வளைவில் தடுப்புச் சுவரில் இடித்ததற்கான காப்பீட்டுத் தொகையும் மறுக்கப்பட்டுவிட்டது. ‘எல்லாம் சட்டப்படிதான்’ என்று பட்டறைக்காரர் சொன்னதை நம்பித்தான் செய்தேன். இனி என்ன வழி?

பதில்: எஞ்சின் எண், சேஸ் எண் இரண்டும் சரியாக இருந்தால் வண்டி சுத்தம் என்ற நம்பிக்கை நம் ஊர்ப் பட்டறைகளில் வேதவாக்காக இருக்கிறது. அது பாதி உண்மை. அந்த எண்கள் ஆர்.சி.யில் உள்ளவற்றோடு ஒத்துப்போகாவிட்டால், மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 55(5)ஆம் பிரிவின்படி பதிவையே ரத்து செய்யலாம். உங்களுக்கு அந்த ஆபத்து இல்லை. நீங்கள் மாட்டியிருப்பது 52ஆம் பிரிவில்.

ஆர்.சி.யில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அந்தப் பிரிவு. வண்டியின் அடிப்படை அம்சம் மாறும்படி அதன் கட்டமைப்பில் செய்யும் மாற்றமே ‘மாற்றம்’ என்று அதன் விளக்கக் குறிப்பு சொல்கிறது. சீட் உறை, பாட்டுப் பெட்டி எல்லாம் இதில் வராது. 2019 ஜனவரியில் கேரளத்து வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதற்கு அழுத்தமான பொருள் கொடுத்தது: தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்பைத் தாண்டும் மாற்றத்தை ஆர்.டி.ஓ. நினைத்தாலும் அனுமதிக்க முடியாது. மற்ற விவரங்களில் ஏற்படும் மாற்றத்தை மட்டுமே ஆர்.சி.யில் பதிந்துகொள்ளலாம். ஆகவே ‘முன்பே விண்ணப்பித்திருந்தால் அனுமதி கிடைத்திருக்குமோ’ என்று வருந்த வேண்டாம். கிடைத்திருக்காது. வேறு எரிபொருளுக்கோ மின்கலத்துக்கோ மாற்றும் அங்கீகாரம் பெற்ற கருவிகளுக்குச் சட்டம் வாசல் திறந்திருக்கிறது. உயரத்தைக் கூட்டுவது அந்த வாசலுக்குள் வராது.

அச்சை மாற்றியதே தவறா என்றால், அச்சைப் பொறுத்தது. அதே மாடல் ஜிப்சியின் அச்சை எடுத்துப் போட்டிருந்தால் அது பழுதுபார்ப்பு; யாரும் உங்களைக் கேள்வி கேட்க முடியாது. வேறு நிறுவனத்தின் கனமான அச்சு வரும்போது வண்டியின் எடை கூடுகிறது. ஸ்பிரிங் பட்டை அச்சின் மேல் உட்காரும் இடம் மாறினால் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான நீளம்கூடச் சற்று மாறும். வெற்று எடை, சக்கர இடைநீளம் இரண்டுமே பதிவு விவரங்களில் உண்டு. ஆய்வாளர் எடைமேடைச் சீட்டும் அளவு நாடாவும் கேட்டாரானால் உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லப்போவது உங்கள் வண்டிதான்.

உயரத்தில் வேறொரு சங்கடமும் இருக்கிறது. நான் மெக்கானிக் அல்ல. ஆனால் இப்படி உயர்த்திய வண்டிகளின் விபத்து வழக்குகளில் பொறியாளர்களைக் குறுக்கு விசாரணை செய்து கொஞ்சம் கற்றிருக்கிறேன். பட்டையை அச்சுக்கு மேலே வைத்ததும் ஸ்டியரிங் இணைப்புக் கம்பி சாய்ந்துவிடுகிறது; குழியில் இறங்கினால் சக்கரம் தானாக ஒரு பக்கம் இழுக்கும். பிரேக் குழாயை நீட்டாவிட்டால் பள்ளத்தில் அது விறைத்து நிற்கும். எஞ்சினின் சுழற்சியை அச்சுக்குக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டின் கோணம் கூடி, அதன் மூட்டான யூனிவர்சல் ஜாயின்ட் தேயும். வண்டியின் எடைமையம் மேலேறிவிடுவதால் கொண்டை ஊசி வளைவில் கவிழும் வாய்ப்பும் கூடுகிறது. பாதுகாப்பற்ற வண்டியைப் பொது இடத்தில் ஓட்டுவதற்கான 190ஆம் பிரிவு இங்கேதான் உள்ளே வருகிறது.

தண்டனை என்று பார்த்தால், அனுமதிக்கப்படாத விதத்தில் வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு 182A(4)ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ‘ஒரு மாற்றத்துக்கு’ என்ற சொல்லைக் கவனியுங்கள்: உயரம் ஒன்று, அச்சு ஒன்று, டயர் ஒன்று என்று எண்ண அவர்களுக்கு இடமிருக்கிறது. 200ஆம் பிரிவின்படி வழக்கை நடத்தாமல் இணக்கக் கட்டணம் செலுத்தி முடித்துக்கொள்ளவும் வழி உண்டு. ஆனால் பணம் கட்டிவிட்டால் மாற்றம் சட்டப்படியானதாகிவிடாது. அடுத்த சோதனைச்சாவடியில் மறுபடியும் கட்ட வேண்டியிருக்கும்.

‘தோட்டத்துக்குள்தானே ஓட்டுகிறேன்’ என்ற வாதத்தையும் எதிர்பார்க்கிறேன். மலைப்பகுதி வாசகர்கள் எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். ‘மோட்டார் வாகனம்’ என்ற சொல்லின் வரையறையிலிருந்து விலக்குப் பெறுவது, தொழிற்சாலை அல்லது அடைக்கப்பட்ட வளாகத்துக்குள் மட்டும் பயன்படுவதற்கென்றே அமைக்கப்பட்ட சிறப்பு வகை வண்டி. வத்தலக்குண்டு சந்தைக்கு மிளகு மூட்டை ஏற்றி வரும் ஜிப்சியை எந்த நீதிபதியும் அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டார். நீங்கள் இடித்ததே சாலையோரத் தடுப்புச் சுவரில்!

காப்பீட்டு விஷயத்தில் உங்களுக்குக் கொஞ்சம் தெம்பு சொல்ல முடியும். நீங்கள் யார் மீதாவது மோதியிருந்தால், வண்டி மாற்றப்பட்டது என்பதை மட்டும் காரணம் காட்டி மூன்றாம் நபர் இழப்பீட்டிலிருந்து நிறுவனம் எளிதில் நழுவ முடியாது. 150(2)ஆம் பிரிவு அதற்கு அனுமதிக்கும் காரணங்களின் பட்டியலில் அது தனியாக இடம்பெறவில்லை. உங்கள் சொந்த வண்டிச் சேதம் வேறு கணக்கு. மாற்றத்தைத் தெரிவிக்கவில்லை என்பது பாலிசி நிபந்தனையை மீறியதாகும். ஆனால் நிபந்தனை மீறல் இருந்தாலே முழுத் தொகையும் போய்விடும் என்பதில்லை. தனியார் பதிவு வண்டியை வாடகைக்கு ஓட்டியபோது திருடுபோன வழக்கு ஒன்றில், 2008-இல் உச்ச நீதிமன்றம் 75 சதவீதம் கொடுக்கச் சொன்னது. அந்த மீறலுக்கும் திருட்டுக்கும் தொடர்பில்லை என்பதே காரணம். உங்கள் விஷயத்திலும் கேள்வி அதுதான். எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கி இடித்தீர்களா, பிரேக் பிடிக்காமல் இடித்தீர்களா? சேதத்தை மதிப்பிட்ட சர்வேயரின் அறிக்கை நகலைக் கேட்டு வாங்குங்கள். அதில் ஸ்டியரிங், பிரேக் பற்றி ஒரு வரியும் இல்லையென்றால், நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்துவிட்டு, சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போங்கள். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. என் தொழிலுக்கு எதிராக நானே பேசுகிறேன், பரவாயில்லை.

பட்டறைக்காரர் கைவிரிப்பார், விடாதீர்கள். 2(8)ஆம் பிரிவில் ‘டீலர்’ என்ற சொல்லுக்குள் வண்டி பழுதுபார்க்கும் தொழில் செய்பவரும் அடக்கம். சட்டத்துக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கும் டீலருக்கு 182A(1)ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, அல்லது வண்டி ஒன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். வக்கீல் நோட்டீஸில் இந்த ஒரு பத்தி இருந்தால் பேச்சுவார்த்தையின் சுருதியே மாறும். நுகர்வோர் ஆணையத்தில் சேவைக் குறைபாடு என்று வழக்குப் போடலாம். உங்கள் தொகைக்குக் கட்டணம் இல்லை. ஆனால் ‘நீங்களும் தெரிந்துதானே செய்தீர்கள்’ என்று எதிர்த்தரப்பு கேட்கும். ‘சட்டப்படிதான்’ என்று அவர் சொன்னது வாட்ஸ்அப்பிலோ பில்லிலோ எழுத்தில் இருந்தால் அது தங்கம். வாய்ச்சொல் மட்டும் என்றால் முழுத் தொகையையும் எதிர்பார்க்காதீர்கள். செல்போன் செய்தியைச் சாட்சியமாக்க, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும்; அதற்குள் போனை மாற்றிவிடாதீர்கள். காலவரம்பு இரண்டு ஆண்டு. உங்களுக்கு ஆறு மாதம்தான் மிச்சம்.

ஆர்.சி.க்கு வருகிறேன். மறுப்பை வாய்மொழியாக ஏற்றுக்கொள்ளாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 45ஆம் பிரிவின்படி காரணத்தோடு எழுத்துப்பூர்வ உத்தரவு தர வேண்டும். அது கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் 57ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனுவும் போடலாம்தான். ஆனால் இந்த வண்டி இருக்கும் நிலையில் இரண்டுமே வீண் செலவு என்பது என் எண்ணம். பழைய அச்சுகள் பட்டறையில் இன்னும் கிடக்கின்றனவா என்று முதலில் விசாரியுங்கள். விற்றுவிட்டார்கள் என்றால் ஜிப்சி அச்சு பழைய சாமான் கடைகளில் கிடைக்கும். 1993-க்கு முந்திய ஜிப்சிகளின் அச்சு குறுகலானது, உங்கள் வண்டிக்கு ஒத்துவராது. பில் இல்லாமல் வாங்காதீர்கள். திருட்டு வண்டியின் பாகமாக இருந்தால் இன்னொரு வழக்கு முளைக்கும். பட்டைகளை அச்சுக்குக் கீழே பழைய இடத்துக்கே கொண்டுவந்து, மூல அளவு டயரைப் போட்டு, படமும் பில்லும் இணைத்து மறு ஆய்வுக்கு விண்ணப்பியுங்கள்.

அடி இடிக்கும் பிரச்சினை பாக்கி இருக்கிறது அல்லவா? 30 வருடப் பட்டைகள் தொய்ந்து போயிருக்கும். மூல அளவில் புதுப் பட்டை செட், அதை வண்டியோடு இணைக்கும் புது புஷ், புது ஷேக்கிள் போட்டால் இழந்த உயரம் திரும்பி வரும். அது பழுதுபார்ப்பு, 52ஆம் பிரிவு அதைத் தொடாது. அதுவரை வண்டியை சாலையில் இறக்காதீர்கள்: ஆர்.சி. காலாவதியான நாளிலிருந்து, புதுப்பிக்கும்வரை அது பொது இடத்தில் பதிவில்லாத வண்டிதான்.