பழைய பத்திர நகல் இருந்தால் வாம்பனோக் வாரிசு ஆகிவிட முடியுமா?

கேள்வி: என் கணவரின் பாட்டி மாசசூசெட்ஸ் மாநிலம் நியூ பெட்ஃபோர்டில் பிறந்தவர். தாங்கள் வாம்பனோக் என்ற அமெரிக்கப் பூர்வகுடி மக்களின் 17-ஆம் நூற்றாண்டுத் தலைவர் மாசசோயிட்டின் வழிவந்தவர்கள் என்று கடைசிவரை சொல்லிவந்தார். அவர் பெட்டியில் 1649-ஆம் ஆண்டுப் பத்திரத்தின் நகல் ஒன்று இருந்தது. ஆனால் என் கணவரின் டிஎன்ஏ பரிசோதனையில் பூர்வகுடிப் பங்கு எதுவும் வரவில்லை. பணம் கட்டினால் பழங்குடி அட்டை வாங்கித் தருவதாகவும், நிலத்தில் பங்கு கேட்கலாம் என்றும் ஓர் இணையதளம் சொல்கிறது. நம்பலாமா?

பதில்: அந்த இணையதளத்துக்கு ஒரு டாலர்கூடக் கட்டாதீர்கள். யார் தங்கள் உறுப்பினர் என்பதை அந்தந்தப் பழங்குடியேதான் முடிவு செய்கிறது. தரகர் யாருக்கும் அதில் இடமில்லை. மத்திய அரசின் அங்கீகாரம் பெற்ற வாம்பனோக் பழங்குடிகள் இரண்டு. மார்த்தாஸ் வினியார்ட் தீவில் இருக்கும் அக்வினா 1987-இலும், கேப் காடில் இருக்கும் மாஷ்பி 2007-இலும் அங்கீகாரம் பெற்றன. விண்ணப்பம் நேரே அவர்களிடம்தான் போக வேண்டும்.

இந்தத் தரகர்கள் முதலில் நீட்டுவது தயார்நிலைக் குடும்ப மரம். உங்கள் கொள்ளுப்பாட்டியில் தொடங்கி, நடுவே ஓர் ‘இளவரசி’யைச் செருகி, மாசசோயிட்டில் கொண்டுபோய் முடித்துவிடுவார்கள். இணையத்தில் ஒருவர் போட்டதை நூறு பேர் நகலெடுத்திருப்பதால் அது உண்மைபோலவே தெரியும். ஒவ்வொரு தலைமுறைக்கும் ஆவணம் எங்கே என்று கேளுங்கள், பதில் வராது. மாசசோயிட்டின் மகன் மெட்டாகோம் ஆங்கிலேயக் குடியேறிகளோடு நடந்த போரில் 1676-இல் கொல்லப்பட்டார். அந்தப் போரில் பிடிபட்ட பலர் மேற்கிந்தியத் தீவுகளுக்கு அடிமைகளாக அனுப்பப்பட்டார்கள். அப்படிச் சிதறடிக்கப்பட்ட மக்களின் வம்சாவளியை ஒரே வாரத்தில் முழுசாக வரைந்து தருகிறேன் என்பது பச்சைப் பொய்.

அடுத்து பத்திரம். ஆண்டைப் பார்த்தால் அது பெரும்பாலும் மாசசூசெட்ஸின் பிரிட்ஜ்வாட்டர் ஊருக்கான நிலப் பத்திரத்தின் நகலாக இருக்கும். மாசசோயிட் (அந்தப் பத்திரத்தில் அவர் பெயர் உஸமெக்வின்) ஓர் ஆற்று மீன்தடுப்பிலிருந்து நாலு திசையிலும் ஏழேழு மைல் நிலத்தை, பிளிமத் குடியேற்றத்தின் படைத்தலைவர் மைல்ஸ் ஸ்டாண்டிஷ் உள்ளிட்ட மூவரிடம் எழுதிக்கொடுத்தார். விலை: 7 கோட்டு, 9 கோடரி, 8 மண்வெட்டி, 20 கத்தி, 4 மூஸ் மான் தோல், பத்தரை கஜம் துணி. படிக்கும்போதே வயிறு எரிகிறது. ஆங்கிலேயர்கள் நிலம் முழுசாகக் கைமாறியது என்று எடுத்துக்கொண்டார்கள். வேட்டைக்கும் மீனுக்கும் தங்களுக்கு இன்னும் இடமுண்டு என்று நினைத்தே வாம்பனோக் மக்கள் பல பத்திரங்களில் குறி இட்டார்கள். சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். விற்றவர் பெயரும் வாங்கியவர் பெயரும்தான் அதில் இருக்கின்றன. நகல் யாருக்கும் கிடைக்கும். உங்கள் பாட்டிக்கும் உஸமெக்வினுக்கும் உறவு உண்டு என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

பத்திரம் வம்சாவளிக்கு உதவும் ஓர் இடம் உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலரும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். மதபோதகர்கள் வந்த பிறகு வாம்பனோக் மக்கள் தங்கள் மொழியிலேயே எழுதப் படிக்கக் கற்றார்கள். மார்த்தாஸ் வினியார்ட், நான்டக்கெட் தீவுகளில் அவர்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட பத்திரங்களும் உயில்களும் இன்றும் இருக்கின்றன. ஆங்கிலேயருக்கு விற்ற பத்திரத்தில் தலைவர் பெயர்தான் முன்னால் நிற்கும். இவற்றில் சாதாரணக் குடும்பங்கள் பேசுகின்றன. யார் மகன், யார் மகள், யாருக்கு எந்த நிலம், சாட்சி நின்றவர் யார் என்ற விவரங்கள் கிடைக்கும். ஆனால் உங்கள் குடும்பத்தை அந்தத் தீவுவரை ஆவணத்தோடு கொண்டுபோன பிறகே அவை பயன்படும். அதற்கு முன்னால் மார்த்தாஸ் வினியார்டில் உள்ள எட்கார்டவுன் பதிவு அலுவலகத்துக்குப் போய் நிற்பது வீண்.

ஆகவே பாட்டியிலிருந்து பின்னோக்கிப் போங்கள். அவருடைய பிறப்புப் பதிவு, பெற்றோரின் திருமணப் பதிவு, அவர்களுடைய பெற்றோர் என்று ஒவ்வொரு படியாக. மாசசூசெட்ஸில் மாநிலப் பதிவு 1841-இல் தொடங்கியது. அதற்கு முந்தையவை ஊர்ப் பதிவேடுகளில் கிடைக்கும். பதிவேட்டில் ‘இந்தியர்’ என்று இல்லையென்றால் மனம் தளராதீர்கள். எழுத்தர்கள் வாம்பனோக் மக்களைக் ‘கறுப்பர்’ என்றோ ‘கலப்பினம்’ என்றோ எழுதித் தள்ளினார்கள். அரசாங்கமே அழித்த அடையாளத்துக்கு, பழங்குடிகள் அங்கீகாரம் கேட்டால், இன்று அரசாங்கமே ஆவணம் கேட்கிறது. எனக்கு இதில் பொறுமை இல்லை. நியூ பெட்ஃபோர்டு என்பதால் திமிங்கில வேட்டைக் கப்பல்களின் ஆள் பட்டியலையும் பாருங்கள். ஊர், வயது, உயரம், நிறம்வரை இருக்கும். பிறகு 1861-இல் வெளிவந்த ஜான் மில்டன் ஏர்ல் அறிக்கை. மாநிலத்திலிருந்த பூர்வகுடிகளைப் பழங்குடி வாரியாகப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டது அது. அக்வினாவுக்கு 1871-இன் ரிச்சர்ட் பீஸ் அறிக்கை. இந்தப் பெயர்களில் ஒன்றோடு உங்கள் சங்கிலி சேர்ந்தால்தான் மேற்கொண்டு பேச முடியும்.

டிஎன்ஏ பற்றிக் கவலைப்பட வேண்டாம். பன்னிரண்டு தலைமுறைக்கு முந்தைய ஒருவரின் பங்கு இன்றைய உடலில் துளியும் இல்லாமல் போகலாம். வந்தாலும் எந்தப் பழங்குடி என்று அது சொல்லாது.

நிலத்தில் பங்கு? தனிநபராக உங்களுக்குக் கிடைக்காது. மாஷ்பி மக்களே 1976-இல் தங்கள் நிலத்துக்காக வழக்குப் போட்டார்கள். சட்டப்படி முக்கியமான சில தேதிகளில் அவர்கள் ‘பழங்குடி’யாக இருக்கவில்லை என்று 1978-இல் ஜூரி சொல்லிவிட்டது. அங்கீகாரம் கிடைக்க மேலும் 29 ஆண்டு ஆனது. 2015-இல் அறக்கட்டளை நிலமாக, அதாவது மத்திய அரசு பழங்குடிக்காகத் தன் பொறுப்பில் வைக்கும் நிலமாக, ஏற்கப்பட்ட 321 ஏக்கரையும் 2020-இல் மத்திய அரசே பறிக்கப் பார்த்தது. 2021-இல்தான் மறுபடி உறுதியானது. ஒரு முழுச் சமூகத்துக்கே இந்த அலைச்சல் என்றால், அட்டையோடு நிலமும் வாங்கித் தருகிறேன் என்பவனை எப்படி நம்புவது?

ஏற்கெனவே முன்பணம் கட்டிவிட்டீர்களா? கடன் அட்டை வழங்கிய வங்கியிடம் இன்றே புகார் கொடுத்துப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். கணவரின் சமூகப் பாதுகாப்பு எண்ணையும் அனுப்பியிருந்தால், மூன்று கடன் தகவல் நிறுவனங்களிலும் அவருடைய கடன் விவரக் கோப்பை, அவர் பெயரில் வேறு யாரும் கடன் வாங்க முடியாதபடி, முடக்கச் சொல்லுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது.