ஆங்கிலேயப் போர் வில்: இழுப்பும் செதுக்கலும் (கேள்வி பதில்)

கேள்வி: பழைய போர் வில்லின் நாணை 28 அங்குலம் பின்னுக்கு இழுத்தார்களா, 32 அங்குலமா? ஆளுக்கொன்று சொல்கிறார்களே.

வில்லை விட்டுவிட்டு அம்பைப் பாருங்கள். 1545 ஜூலையில் போர்ட்ஸ்மவுத்துக்கு வெளியே மூழ்கிய மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலை 1982-இல் மேலே கொண்டுவந்தார்கள். அதிலிருந்து 3,500-க்கும் மேல் அம்புகள் கிடைத்தன. இரும்பு முனைகள் துருப்பிடித்துக் கரைந்துவிட்டாலும், முனை செருகியிருந்த இடம் கூம்பாகச் சீவப்பட்டிருப்பது தண்டில் இன்றும் தெரிகிறது. பெரும்பாலான தண்டுகள் 30 அங்குலத்தை ஒட்டியவை. முனை வில்லைத் தாண்டி உள்ளே வந்தால் பிடித்திருக்கும் கை கிழியும். ஆகவே உச்ச வரம்பு 30, அல்லது அதற்குக் கொஞ்சம் கீழே.

28 என்பது பின்னாளில் பொழுதுபோக்காக வில் பிடித்த கனவான்களின் கணக்கு. அவர்கள் நாணைத் தாடையோடு நிறுத்திக்கொண்டார்கள். போர்வீரன் காதுவரை இழுத்தான். 32 இன்றைக்கு நீள அம்பு விடுகிறவர்களின் விருப்பம். அதில் தப்பில்லை, ஆனால் அதைத் தூக்கி 1415-இல் அஜின்கோர்ட் போரில் வில் பிடித்த ஆங்கிலேய வீரன் தலையில் வைக்க வேண்டாம்.

கேள்வி: என் உயரம் 5 அடி 7 அங்குலம்தான். 30 வருமா சார்?

வரும். மேரி ரோஸில் கிடைத்த எலும்புகளை வைத்துப் பார்த்தால், அந்த ஆட்களும் சராசரியாக உங்கள் உயரம்தான். 1549-இல் லாட்டிமர் என்ற பாதிரியார் அரசர் முன்னால் செய்த பிரசங்கத்தில் தன் அப்பா வில் பழக்கிய விதத்தைச் சொல்கிறார்: கைப்பலத்தால் இழுக்காமல் உடம்பையே வில்லுக்குள் கொடுத்து இழுக்க வேண்டும். வயதுக்கும் பலத்துக்கும் ஏற்ற வில் வாங்கித் தந்து, பையன் வளர வளர வில்லையும் பெரிதாக்கினாராம். நீங்களும் அப்படியே போங்கள். அவசரப்பட்டால் தோள்பட்டை போய்விடும்.

கேள்வி: கடலில் 400 வருஷத்துக்கு மேல் ஊறிய வில்லின் பலம் எப்படித் தெரியும்? இழுக்க 150 பவுண்டு, 180 பவுண்டு விசை வேண்டும் என்கிறார்களே?

அசல் வில்லை இழுத்துப் பார்த்துப் பயனில்லை, மரம் தளர்ந்துவிட்டது. அதே அளவில் புது வில் செய்தும், கணினியில் கணக்குப் போட்டும்தான் சொல்கிறார்கள். 30 அங்குல இழுப்பில் சுமார் 100 முதல் 185 பவுண்டு வரை வருகிறது. யாராவது பவுண்டு சொன்னால் உடனே “எத்தனை அங்குலத்தில்?” என்று கேளுங்கள். பலமான வில்லில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஐந்தாறு பவுண்டு கூடும். 32-இல் 150 காட்டும் வில், 30-இல் 140-க்கு அருகில்தான் நிற்கும். விற்கிற ஆள் இதை எப்போதும் சொல்வதில்லை.

கேள்வி: ஏன் யூ (yew) என்ற ஊசியிலை மரமே வேண்டும் என்றார்கள்?

ஒரே கட்டையில் இரண்டு மரம் இருப்பதால். வெளியே வெளிறிய பகுதி இழுபடுவதைத் தாங்கும். உள்ளே வைரம் பாய்ந்த சிவப்புப் பகுதி நசுங்குவதைத் தாங்கும். வெளிறு வில்லின் முதுகாகவும் (எய்பவருக்கு எதிர்ப்புறம்), வைரம் வயிறாகவும் (எய்பவரைப் பார்த்த பக்கம்) வரும்படி வெட்டினால் போதும், ஒட்டு வேலை வேண்டாம். நல்ல யூ உள்ளூரில் போதாமல் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தார்கள். இறக்குமதிச் சரக்கோடு வில் கட்டைகளையும் கொண்டுவர வேண்டும் என்று 1472-இல் சட்டமே போட்டார்கள். எல்ம், ஆஷ் மரங்களிலும் வில் செய்தார்கள். அவை இரண்டாம் தரம்.

கேள்வி: அண்ணா, செதுக்கும்போது எந்தக் கட்டத்தில் வில் உடைகிறது?

பெரும்பாலும் இழுப்பின் கடைசி இரண்டு அங்குலத்தில். முதுகைத் தொடவே கூடாது. அங்கே நார் அறுந்தால் வில் போச்சு. முடிச்சு இருந்தால் அதைச் சுற்றி மரத்தை மேடாக விட்டுவிடுங்கள். மேரி ரோஸ் வில்களிலும் அப்படித்தான் விட்டிருக்கிறார்கள், பார்க்க அழகாக இருக்காது.

சுவரில் ஒரு தாங்கி அடித்து, கப்பி வைத்து, கயிற்றால் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். தள்ளி நின்று வளைவைப் பாருங்கள். எங்கே விறைப்பாக நிற்கிறதோ அங்கே வயிற்றுப் பக்கம் நாலு சீவல் எடுங்கள். சீவியதும் இருபது முப்பது தடவை இழுத்து விடுங்கள்; மரம் மாற்றத்தை ஏற்றுக்கொள்ள நேரம் பிடிக்கும். பிறகு மறுபடி பாருங்கள். பிடி உட்பட முழு வில்லும் ஒரே சீராக வளைய வேண்டும். ஓரிடம் மட்டும் அதிகமாக மடிந்தால், வயிற்றில் குறுக்காக மயிரிழை போன்ற கோடுகள் விழும். அது நசுங்கிய மரம். அந்த இடத்தை விட்டு, இரண்டு பக்கமும் சீவுங்கள்.

முதல் சீவலுக்கு முன்பே இழுப்பை முடிவு செய்துவிடுங்கள். மேரி ரோஸ் வில்கள் சராசரியாக ஆறரை அடி. அந்த நீளம் 30 அங்குலத்தைத் தாங்கும். 28-க்குச் செதுக்கிய வில்லை நண்பர் ஒருவர் ஆசைக்கு 31 இழுத்தால், துண்டுகளை நீங்கள்தான் பொறுக்க வேண்டும்.

கேள்வி: நாணைப் பூட்டியே வைக்கலாமா?

கூடாது. எய்து முடித்ததும் கழற்றிவிடுங்கள்.

கேள்வி: முதல் வில்லே 120 பவுண்டு செய்யலாமா?

ஆஷ் கட்டையில் ஒரு 50 பவுண்டு வில் முதலில் செய்யுங்கள். யூ கைக்கு வந்தால் சீவும்போது முகமூடி போடுங்கள், தூளை வீட்டுக்குள் கூட்டிவிடாதீர்கள். அந்த மரம் நச்சு.