வாசகர் கேள்வி: கார்த்திகைப் பெண்கள் வானத்தில் எங்கே?

தீபத்தன்று அகல் ஏற்றி முடித்ததும், முருகனை வளர்த்த கார்த்திகைப் பெண்களைக் காட்டச் சொன்னார்கள் பிள்ளைகள். மொட்டைமாடியில் வெகுநேரம் தேடியும் கண்ணில் படவில்லை. எங்கே பார்க்க வேண்டும்?
– வாசகி, திண்டுக்கல்

நீங்கள் தேடிய நாள்தான் சரியில்லை. தீபத்தன்று முழுநிலா கார்த்திகையை ஒட்டியே நிற்கும். அந்த வெளிச்சத்தில் அந்தச் சின்ன விண்மீன்கள் மறைந்துவிடும். ஐந்தாறு நாள் பொறுங்கள். நிலா நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தி எழுவதால், முன்னிரவு இருட்டாகக் கிடைக்கும்.

இரவு ஒன்பது மணிவாக்கில் கிழக்கே பாருங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக, சம இடைவெளியில் மூன்று மீன்கள் தெரியும். அந்தக் கோட்டை அப்படியே மேலே நீட்டுங்கள். கையை நீட்டி முஷ்டி மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 பாகை (டிகிரி). இரண்டு முஷ்டி மேலே செம்மஞ்சளாக ரோகிணி இருக்கும். அங்கிருந்து அதே போக்கில் ஒன்றரை முஷ்டி போனால் ஒரு சிறு கொத்து. அதுதான் கார்த்திகை. ரோகிணியைச் சுற்றி 'வி' வடிவில் இருக்கும் மீன்களைக் கார்த்திகை என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். கார்த்திகை அதைவிட மிக நெருக்கமானது. நீட்டிய கையின் சுண்டுவிரல் அகலத்துக்குள் ஏறக்குறைய அடங்கிவிடும்.

கண் இருட்டுக்குப் பழக 20 நிமிடமாவது வேண்டும். நடுவில் யாராவது செல்போனைத் திறந்தால் மறுபடி முதலிலிருந்துதான். டார்ச் தேவையென்றால் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிக்கொள்ளுங்கள். கொத்தை நேராக முறைக்காமல் சற்றே பக்கத்தில் பார்த்தால், மங்கல் மீன்கள் கூடுதலாகத் தெரியும். விழித்திரையின் நடுப்பகுதிக்கு மங்கிய ஒளி அவ்வளவாகப் பிடிபடாது. பிள்ளைகள் ஒவ்வொருவரும் எண்ணி, மற்றவருக்குச் சொல்லாமல் தாளில் எழுதட்டும். பிறகு ஒன்றாகத் திறந்து பாருங்கள், ஆட்டம் களைகட்டும்.

தீபத்தன்றும் சும்மா இருக்க வேண்டாம். நள்ளிரவில் அண்ணாந்து பாருங்கள். சிறுமுயல் போன்ற மறு தெரிய நிலா நிறைந்து, 'அறுமீன்' எனும் கார்த்திகையுடன் சேரும் நடு இரவில், தெருவெல்லாம் விளக்கேற்றி மாலை தொங்கவிடுவதை அகநானூற்றின் 141ஆம் பாட்டு சொல்கிறது. முழுநிலா உச்சிக்கு வருவது நள்ளிரவில்தான். பாடிய புலவர் வானத்தைப் பார்த்தவர். அந்த முயலையும் பிள்ளைகளைத் தேடச் சொல்லுங்கள்.

கிரேக்கர்கள் இதே கொத்தை ஏழு சகோதரிகள் என்கிறார்களே. நமக்கு ஏன் ஆறு பேர்?
– வாசகர், தஞ்சாவூர்

சாதாரணக் கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் ஆறுதான். அவ்விதத்தில் நம் கணக்கு கண்ணுக்கு நேர்மையானது. ஏழாவது பெண்ணைப் பற்றி நம் புராணத்திலும் ஒரு கதை உண்டு. சப்தரிஷிகளின் மனைவியரில் ஆறு பேர் கணவரால் விலக்கப்பட்டுக் கார்த்திகை மீன்களாயினர். அருந்ததி மட்டும் வசிட்டரோடு தங்கினாள். அவளைப் பார்க்க மே மாதம் இரவு ஒன்பது, பத்து மணிக்கு வடக்கே திரும்புங்கள். சப்தரிஷி மண்டலத்தின் வால் பகுதியில் நடு மீன் வசிட்டர். அதை ஒட்டிய மங்கலான சிறு மீன் அருந்ததி. பகல் முகூர்த்தத்தில் அவளைக் காண முடியாது. அப்படி மணமுடித்தவர்கள் மே இரவில் ஒருமுறை பார்த்துவிடலாமே!

இதற்காகப் பெரிய தொலைநோக்கி வாங்கலாமா?
– வாசகர், ஈரோடு

வேண்டாம். கொத்து முழுவதும் கிட்டத்தட்ட 2 பாகை பரந்தது. பெரும்பாலான தொலைநோக்கிகளின் பார்வைக்குள் அது அடங்காது, துண்டு துண்டாகத்தான் தெரியும். 7x50 அல்லது 10x50 பைனாகுலர் போதும் (முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது, அடுத்தது முன்வில்லையின் விட்டம், மில்லிமீட்டரில்). பத்திருபது மீன்கள் நீலவெள்ளையாகப் பளிச்சிடும். அந்த ஒளி அங்கிருந்து கிளம்பிச் சுமார் 440 ஆண்டு ஆகிறது. மதுரையை வீரப்ப நாயக்கர் ஆண்ட காலம் அது. கை நடுங்கினால் மீன்கள் கோடுகளாக இழுபடும். முழங்கைகளை மாடிச் சுவரில் ஊன்றிக்கொள்ளுங்கள்.