திங்கட்கிழமை விசுவாசம்: நீங்கள் கேட்டவை, எனக்குத் தெரிந்தவை

நான் போதகர் இல்லை. பல வருடங்களாக வேதபாட வகுப்பு நடத்துகிறவன், அவ்வளவுதான். அன்றாட வாழ்க்கையில் விசுவாசம் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் திரித்துவம், முன்குறிப்பு என்று பெரிய இறையியல் கேள்விகளோடு ஆரம்பிப்பீர்களோ என்று பயந்தேன். வந்ததெல்லாம் வீடு, வேலை, சம்பளம், சண்டை. நல்லதாகப் போயிற்று.

ஐயா, எனக்கு இரண்டு கைக்குழந்தைகள். காலையில் ஐந்து நிமிடம்கூட ஜெபிக்க முடிவதில்லை. குற்ற உணர்வாக இருக்கிறது.

"இடைவிடாமல் ஜெபம்பண்ணுங்கள்" என்று அப்போஸ்தலன் பவுல் தெசலோனிக்கே சபைக்கு எழுதியது மடத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அல்ல, சகோதரி. அதே கடிதத்தில், ஒரு அதிகாரம் முன்னால், சொந்தக் கைகளால் வேலை செய்யுங்கள் என்று அவர்களுக்குப் புத்தி சொல்கிறார். அப்படியானால் வேலைக்கு நடுவே செய்யக்கூடிய ஒரு ஜெபம் இருந்தே ஆக வேண்டும்.

17ஆம் நூற்றாண்டில் பாரிஸில், கர்மேல் சபை மடம் ஒன்றில் சகோதரர் லாரன்ஸ் என்பவர் இருந்தார். முன்னாள் படைவீரர், காலில் ஊனம். மடத்தில் அவருக்குக் கிடைத்தது சமையலறை. அந்த வேலை அவருக்குச் சுத்தமாகப் பிடிக்காது. ஆனாலும் பாத்திரச் சத்தத்துக்கு நடுவே கடவுளோடு பேசிப் பேசிப் பழகி, வேலை நேரமும் ஜெப நேரமும் தமக்கு வேறுவேறாகத் தெரியவில்லை என்று சொல்லுமளவுக்கு வந்துவிட்டார். பழகியது ஒரே நாளில் அல்ல, வருடக்கணக்கில்.

தொட்டிலை ஆட்டும்போது ஒரு வரி, துணி மடிக்கும்போது யாருடைய துணியோ அவருக்காக ஒரு வரி. இப்படி ஆரம்பியுங்கள். அப்புறம், இது உங்கள் கணவருக்கு: தினமும் பதினைந்து நிமிடம் பிள்ளைகளை நீங்கள் வைத்துக்கொண்டால், அதுவும் ஜெபத்தில் சேரும்.

கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். பொய் ரசீது எழுதச் சொல்கிறார்கள். மறுத்தால் வேலை போகும்.

போகலாம். "கர்த்தர் பார்த்துக்கொள்வார், வேலை போகாது" என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. பாபிலோன் ராஜாவின் சிலையை வணங்க மறுத்து, எரிகிற சூளைக்கு முன் நின்ற மூன்று பேரும், தேவன் எங்களை விடுவிக்காமற்போனாலும் சிலையை வணங்க மாட்டோம் என்றுதானே சொன்னார்கள்.

ஆனால் மறுக்கும் விதம் ஒன்று உண்டு. அதே பாபிலோன் அரண்மனையில், ராஜாவின் சாப்பாடு தன்னைத் தீட்டுப்படுத்தும், வேண்டாம் என்று தீர்மானித்த தானியேல் தட்டைத் தள்ளிவிட்டுப் பிரசங்கம் செய்யவில்லை. பொறுப்பாளரின் பயத்தைப் புரிந்துகொண்டு, பத்து நாள் சோதித்துப் பாருங்கள் என்று மாற்று வழி சொன்னார். நீங்களும் தனியாகப் போய்ப் பேசுங்கள். "இதில் நான் கையெழுத்துப் போட முடியாது, இந்தச் செலவை நேர்மையாகக் காட்ட ஒரு வழி யோசித்து வைத்திருக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். கூடவே வேறு வேலையும் தேடுங்கள். அது விசுவாசக் குறைவு ஆகாது. ஏற்கெனவே எழுதிய ரசீதுகள் இருந்தால், இயேசுவைச் சந்தித்து மனம் மாறிய வரி வசூலிப்பவர் சகேயு செய்த வேலை உங்களுக்கும் உண்டு. அவர் மனம் வருந்தியதோடு நிறுத்தவில்லை, எத்தனை மடங்கு திருப்பித் தருவேன் என்று கணக்கே சொன்னார்.

எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவுக்குச் சுவிசேஷம் சொல்ல ஆசை. எப்படி ஆரம்பிப்பது?

அவருக்குச் சம்பளம் என்றைக்குக் கொடுக்கிறீர்கள்?

கோபித்துக்கொள்ளாதீர்கள். கூலிக்காரனுடைய கூலி விடியும்வரை உன்னிடத்தில் இருக்கக்கூடாது என்கிறது லேவியராகமம் 19. அயலானை நேசி என்ற புகழ்பெற்ற வசனமும் அதே அதிகாரத்தில், சில வரிகள் தள்ளித்தான் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும் என்பது என் எண்ணம். பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று புதிய ஏற்பாட்டுக் கடிதத்தில் யாக்கோபு இன்னும் கடுமையாக எழுதுகிறார். "அடுத்த வாரம் வாங்கிக்கோங்க" என்று நாம் சாதாரணமாகச் சொல்லும்போது அந்த வீட்டில் எது தள்ளிப்போகிறது என்று நமக்குத் தெரியாது. சொன்ன தேதியில் சம்பளம், உடம்பு சரியில்லாத நாளில் பிடித்தம் இல்லாத விடுப்பு, உட்கார்ந்து சாப்பிட ஒரு இடம். இதெல்லாம் இருக்கிற வீட்டில், நீங்கள் ஏன் இப்படி என்று அவரே கேட்கலாம். கேட்டால் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சம்பளம் தேதியில் போகட்டும்.

அண்ணனை மன்னித்துவிட்டேன். ஆனால் பழையபடி பழக முடியவில்லை. என் மன்னிப்பு பொய்யா?

பொய் இல்லை. பழிவாங்கும் உரிமையை விட்டுவிடுவது மன்னிப்பு. அதை நீங்கள் ஒருவரே செய்யலாம். உறவு சரியாவதற்கு இரண்டு பேர் வேண்டும், காலமும் வேண்டும். யோசேப்பு, தன்னை அடிமையாக விற்ற சகோதரர்களைப் பல வருடம் கழித்துப் பார்த்த உடனே கட்டிப்பிடிக்கவில்லை. அவர்கள் மாறியிருக்கிறார்களா என்று பார்த்தார். கடைசித் தம்பி பென்யமீனுக்காக, அந்தச் சகோதரர்களில் ஒருவரான யூதா தன்னையே கொடுக்க முன்வந்த பிறகுதான் அழுதுகொண்டு தன்னை வெளிப்படுத்தினார்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். அடிக்கிறவரிடம் திரும்பப் போகச் சொல்லி ஒரு பெண்ணிடம் "எழுபதுதரம் ஏழு" முறை மன்னி என்ற வசனத்தை எடுத்துக் காட்டாதீர்கள். அதே மத்தேயு 18இல், தவறு செய்தவனை நேரில் கண்டிக்கவும், கேட்காவிட்டால் சபை முன் கொண்டுவரவும் இயேசு சொல்லியிருக்கிறார். பாதுகாப்பான இடத்தில் இருந்துகொண்டும் மன்னிக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை மருத்துவமனையில் பணி. ஆராதனை தவறுகிறது.

ஓய்வுநாளில் நோயாளிகளைக் குணமாக்கியவரைத்தானே ஆராதிக்கப் போகிறீர்கள். மனம் கலங்க வேண்டாம். வாரத்தில் வேறொரு நாளை ஓய்வுக்கும் விசுவாசிகளின் கூடுகைக்கும் ஒதுக்குங்கள்.

மனச்சோர்வுக்கு மாத்திரை எடுக்கிறேன். விசுவாசம் இருந்தால் தேவையில்லை என்கிறார்கள்.

மாத்திரையை நிறுத்தாதீர்கள். லூக்காவைப் "பிரியமான வைத்தியன்" என்றுதான் பவுல் குறிப்பிடுகிறார், தொழிலை விட்டுவிடச் சொல்லவில்லை. சாக விரும்பிச் சூரைச்செடியின் கீழே படுத்த எலியா தீர்க்கதரிசியைத் தேவதூதன் கடிந்துகொள்ளவில்லை. தட்டி எழுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடி தூங்கவிட்டான். 88ஆம் சங்கீதத்தை வாசித்துப் பாருங்கள். கடைசி வார்த்தைவரை இருட்டுதான். அதுவும் வேதத்தில் ஜெபமாக இடம்பெற்றிருக்கிறது.

வெளியே நண்பர்களோடு சாப்பிடும்போது ஜெபித்தால் சங்கடப்படுகிறார்கள். விட்டுவிடலாமா?

விட வேண்டாம், சுருக்குங்கள். மற்றவர்களுடைய சாப்பாடு ஆறிப்போகும் அளவுக்கு வேண்டாம். பரிமாறுகிறவர் தட்டோடு நின்றால் கண்ணைத் திறந்து முதலில் வாங்கிக்கொள்ளுங்கள்.