கங்கை டால்பின் வலையில் சிக்காமல் காப்பது எப்படி?

வேலூரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள், பாலாற்றில் டால்பின் கிடையாது. ஆனால் நம்மூர் ஏரிகளில் விரிக்கும் தங்கூசி வலைதான் (மெல்லிய ஒற்றை நைலான் இழையால் ஆன வலை) கங்கையிலும் எமன். கங்கை டால்பினுக்குப் பார்வை அநேகமாக இல்லை. ஒலி எழுப்பி, எதிரொலியால் வழி தேடும். மெல்லிய நைலான் இழையில் எதிரொலி சரியாகக் கிடைக்காது. சிக்கினால் மூச்சுவிட மேலே வரமுடியாமல் சில நிமிடங்களில் செத்துவிடும். அதனால் ராத்திரி வலை போட்டுக் காலையில் எடுக்கும் வழக்கம் அங்கே ஆகாது. ஆறுகள் கூடுமிடத்தையும் வளைவுகளிலுள்ள ஆழ்மடுக்களையும் விட்டுவிட வேண்டும். மீனும் அங்கேதான் அதிகம், அதுதான் வில்லங்கம்.

உயிரோடு சிக்கியிருந்தால் முதலில் தலையுச்சியிலுள்ள மூச்சுத்துளையை நீருக்கு மேல் தூக்கிப் பிடியுங்கள்; பிறகு வலையை அறுங்கள். வாலைப் பிடித்து இழுக்காதீர்கள். துளைக்குள் தண்ணீர் போகவே கூடாது.

பீகாரில் டால்பின் எண்ணெயை மீனைக் கவரப் பயன்படுத்துவதும் உண்டு. அதற்கு மீன்கழிவு எண்ணெயே போதும்.